தலைகீழாகத் தெரிந்த முகம்

மாப்ள,

உன் சட்டை இருட்டறை ஆணியில் தொங்குகிறது. கதவைச் சாத்தினால் அறை முழுக்க அதன் வாசனைதான். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தும் வியர்வையும் கலந்த வாசனை, எத்தனை முறை வெளுக்கப் போட்டாலும் போகாதது. வலது கைப்பட்டியில் மருந்துக் கறை பழுப்பாக அப்படியே இருக்கிறது. நீ போன பிறகு இது நம் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்த கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வாரம் ஒரு காலை. கடையைத் திறந்து, மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த நம் திரைச்சீலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நீ நின்றாய். "வாய்யா, இம்புட்டு நேரமா?" என்று கேட்டேவிட்டேன். உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. சட்டைதான் உன்னுடையது, அதைப் போட்டிருந்தது ஆனையூரிலிருந்து வந்த உன் தம்பி. உன்னைத் தத்தனேரியில் வைத்து எரித்துவிட்டு வந்தவன் நான். அப்படியும் வாய் கேட்டுவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னாலேயே உன் வீட்டுக்காரி வந்தாள். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

"அண்ணே, கருமாதிக்கு அவுக படம் ஒண்ணு வேணும். வீட்டுல தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட இல்ல. தம்பிய உக்கார வச்சு எடுத்து, நீங்க பென்சிலால மாத்திட்டீகன்னா அவுகளாட்டமே ஆயிரும்ல? தீவுல ஒரு அம்மாவுக்கு அப்பிடிச் செஞ்சு குடுத்தீகளாமே. அவுக வாய் ஓயாமச் சொல்லுவாக."

"உக்காருங்கம்மா, இந்தா வாரேன்" என்று சொல்லி இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கல்யாணம் கட்டினவன், ரங்கூனுக்குப் போனவன், பட்டாளத்தில் சேர்ந்தவன், செத்து நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டவன் என்று மதுரையில் உள்ளவன் முகத்தையெல்லாம் பிடித்தாயே பாவி, உன் முகத்தை ஒரு தரமாவது காட்டினாயா? கேட்டால், "நான் என்ன கலெக்டரா? எனக்கென்ன அவசரம்?" என்பாய். இப்போது என்ன ஆயிற்று? காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அந்தத் தீவுக் கதையை நீ அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி அது. பாம்பன் தீவில் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. மாசி வீதி ஜவுளிக்காரர்கள் சிலர் சேர்ந்து அரிசியும் துணியும் அனுப்பினார்கள். அங்கே நடந்ததைப் படமாகப் பிடித்து வந்து காட்டினால் இன்னும் நாலு பேர் கொடுப்பார்கள் என்று நம்மிடம் வந்தார்கள். நீ எடுப்பாய், நான் திருத்துவேன், அதுதானே நம் கடை. "மருவை மறைக்க அங்க யாரு இருக்கா? நான் எதுக்கு?" என்று கேட்டேன். "பொட்டி தூக்க ஆள் வேணாமா மாப்ள?" என்றாய். மானாமதுரை தாண்டும் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். கண்ணாடி பிளேட் வைத்த மரப்பெட்டியை நீ மடியிலிருந்து இறக்கவே இல்லை.

தீவின் தெற்குக் கரையில் அந்த மீன்பிடி ஊர். ஊர் என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? குடிசைகள் இருந்த இடத்தில் மணல் மேடுகள். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தன. ஆனால் நாம் போனபோது யாரும் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஆண்கள் மணலில் புதைந்த வள்ளத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் புகுந்து கிணறெல்லாம் உப்பாகிப் போயிருந்ததால் பெண்கள் முறை வைத்து இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க, ஊறுகிற தண்ணீர் ஒருநாள் நல்ல தண்ணீராகும் என்று சொன்னார்கள். ஒருத்தி கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். மறுபடி வாளியை இறக்கினாள். நீ அதைத்தான் முதலில் எடுத்தாய்.

அப்போதுதான் அந்த அம்மா நம்மிடம் வந்தாள். செத்தவர்களைப் படம் பிடிப்பவர்கள் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புயலன்று அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டப் போனார்கள். இளையவன் மட்டும் திரும்பினான். மூத்தவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"மூத்தவன் மூஞ்சி எனக்கு மறந்துகிட்டு வருதுய்யா" என்றாள். "நேத்து மீசை நெனப்புக்கு வரல. இன்னைக்குக் கண்ணு வரல. சின்னவன் அவன் சாடைதான். அவன உக்கார வச்சு மூத்தவனாக்கிக் குடுக்க முடியுமாய்யா?"

நீ என்னைப் பார்த்தாய். முடியும் என்று தலையாட்டினேன். கண்ணாடி பிளேட்டில் பென்சில் வைத்தால் அச்சில் வெளுப்பாகும், கத்தி முனையால் சுரண்டினால் கறுப்பாகும். மீசை, புருவம், தழும்பு எல்லாம் செய்யலாம். அது எனக்குச் சோறு போடுகிற வேலை.

இளையவன்தான் சம்மதிக்கவில்லை. தோண்டிக்கொண்டிருந்த மண்வெட்டியை வீசி எறிந்தான். "உசுரோட இருக்கவனச் செத்தவனா உக்காரச் சொல்றீகளா? இதுக்கு நானே கடலோட போயிருக்கலாம். அதத்தான அதுவும் நெனைக்குது?" என்று கத்தினான். 'அது' என்றது அவன் தாயை. பக்கத்தில் இருந்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் தனியே திரும்பி வந்த அன்று, "நீ மட்டும் எதுக்குடா வந்த?" என்று ஒரு வார்த்தை கேட்டாளாம். அதோடு சரி. அப்புறம் அவனோடு அவள் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். அவன் வள்ளத்தடியில்தான் படுத்துக் கிடந்தான்.

நான் பெட்டியைக் கட்டப் போனேன். நீதான் அவன் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்தாய். என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பீடி குடித்தீர்கள். எழுந்து வந்து, "உக்காருறேன்னுட்டான். மனசு மாறுறதுக்குள்ள எடுத்துப்புடணும். அம்மா தலை சீவி விடட்டும், அதுக்குள்ள நான் அவன் எடத்துல உக்காருறேன், நீ துணிக்குள்ள பாத்துத் தெளிவு பண்ணி வையி" என்றாய்.

கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் நீ உட்கார்ந்தாய். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தானே தெரியும். கடல் மேலே இருந்தது, வானம் கீழே. நடுவில் நீ தலைகீழாகத் தொங்கினாய். மங்கலாக இருந்தவன் மெல்ல மெல்லத் தெளிந்தாய். காற்றில் தலைமயிர் கலைந்து, இடது கண்ணைச் சற்று இடுக்கிக்கொண்டு, 'இந்தப் பயலுக்கு எம்புட்டு நேரமாகுது பாரேன்' என்கிற அந்த நக்கல் சிரிப்போடு இருந்தாய்.

"மாப்ள, இப்பிடியே ஒண்ணு எடுத்துப்புடவா?" என்று துணிக்குள்ளிருந்தே கேட்டேன்.

"எம்மேல பிளேட்ட வீணாக்காத. கெணத்தடி இன்னும் பாக்கி கெடக்கு" என்றாய்.

நானும் விட்டுவிட்டேன்.

அந்த அம்மா இளையவனுக்குத் தலை சீவியதை நீயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் இடது பக்கம் வகிடு எடுப்பவன், மூத்தவன் வலது பக்கம். ஈரக்கையால் மயிரைப் படிய வைத்து, வகிட்டை மாற்றி, முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பேசவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு வள்ளத்தில் போய் உட்கார்ந்தான். அவள் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றாள். நீ மூடியைக் கழற்றினாய்.

மதுரைக்கு வந்ததும் ஜவுளிக்காரர்கள் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அழற படம் ஒண்ணுகூட இல்லையே?" என்றார்கள். "அழுகதான் வேணும்னா நாடகக் கொட்டகைக்குப் போங்க" என்று நீ சொன்ன சொல்லுக்கு அந்தக் கல்லாவிலிருந்து நமக்கு அப்புறம் வேலையே வரவில்லை. ஆனாலும் படங்களைக் கடைவாசலில் மாட்டினார்கள். தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்புகிறவளைப் பார்க்க ஜனம் நின்றது. வள்ளம் கட்ட மரமும், கூரைக்குக் கீற்றும் சேர்ந்தன. அவை போன வண்டியிலேயே நாமும் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம்.

மூத்தவனை நான் நன்றாகத்தான் செய்திருந்தேன். அந்த அம்மா சொன்ன அடர்ந்த புருவம், முறுக்கு மீசை, தூண்டில் முள் கிழித்த மோவாய்த் தழும்பு என்று ஒன்று விடவில்லை. ஊரே கூடி நின்று பார்த்து, "மூத்தவனேதான்!" என்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் மட்டும் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது சின்னவன்யா" என்றாள்.

"மீசையப் பாருங்கம்மா, தழும்பப் பாருங்க" என்றேன் நான்.

"எல்லாம் இருக்குய்யா. பார்வை அவன் பார்வை இல்ல. மூத்தவன் என்னயப் பாத்துப் பயந்ததே கெடையாது. சின்னவன்தான் இப்பிடிப் பாப்பான், இவ நம்மகிட்டப் பேசுவாளா மாட்டாளான்னு." படத்தின் கண்ணை விரலால் தொட்டாள். "நான் பக்கத்துல நின்னேன்ல, என்னயத்தான் பாத்திருக்கான். எம்புட்டு ஏங்கிப் போயிப் பாத்திருக்கான், எம்புள்ள."

யாரோ பூச்சரம் கொண்டுவந்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "உசுரோட இருக்கவனுக்கா மால போடுவாக?" என்று படத்தை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வள்ளத்தடியைப் பார்த்து, "டேய் சின்னவனே, சோறு தின்ன வாடா" என்று கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று அவனுக்கு உறைக்கவே நேரமாயிற்று.

திரும்பும்போது கிணற்றடியில் நமக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். உப்பு இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். ரயிலில் நீ, "எதுக்கு மாப்ள உம்முன்னு வார? அந்தம்மா கேட்டது போன புள்ளைய. கெடச்சது இருக்கிற புள்ள. இதுக்கு மேல ஒரு படம் என்ன செய்யும்?" என்றாய். அதோடு விட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் போய், "அவன் பென்சில் எடுத்தான்னா தம்பிய அண்ணனாக்கிருவான்" என்று பெருமை அடித்திருக்கிறாய். நான் தோற்ற பாதியை உன் பெண்டாட்டியிடம்கூட நீ சொல்லவில்லை. போன வாரம் இருட்டறைக்குள் நின்று அதை நினைத்துத்தான் அழுதேன் மாப்ள, நீ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வெளியே வந்து அவளிடம் மிச்சத்தைச் சொன்னேன். முழுசும் கேட்டாள். உன் தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தச் சட்டையக் கழட்டிருங்க. நீங்க நீங்களா இருங்க" என்றாள். அவன் கழற்றி மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டான்.

"அப்ப அவுகளுக்குப் படமே கெடையாதாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்தவன் எடுத்த முகத்தைத் திருத்தியே பழகின கை இது. வெறும் தாளில் உன்னை வரையப் போனால் யார் யாரோ வந்தார்கள். ஒரு தாளில் உன் தம்பி வந்தான், இன்னொன்றில் நம் டீக்கடைக்காரர். கிழித்துக் கிழித்துப் போட்டேன். உன் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவு வரவில்லை. 'மூஞ்சி மறந்துகிட்டு வருதுய்யா' என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு அது விளங்கவில்லை, இப்போது விளங்கியது. பயந்து போனேன்.

வேறு வழி தெரியாமல் காமிராவைக் காலி நாற்காலிக்கு எதிரே நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் நாற்காலி தலைகீழாகத் தொங்கியது. அதில் நீ வந்து உட்கார்ந்தாய். மேலே கடல், கீழே வானம், இடுக்கின இடது கண். துணியை விலக்கிவிட்டு ஓடி வந்து, பார்த்தது பார்த்தபடி உன்னைத் தலைகீழாகவே வரைந்தேன். மோவாய் மேலே, நெற்றி கீழே, நடுவில் அந்தச் சிரிப்பு. முடித்துத் தாளைத் திருப்பி வைத்தபோது, நீ என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் அவள் வந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். எனக்கு அந்தத் தீவுக்காரி ஞாபகம் வந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவுகதாண்ணே. ஆனா என்னயப் பாக்கல, ஒங்களப் பாக்குறாக. இப்பிடி ஒரு சிரிப்பு எங்கிட்டச் சிரிச்சதே இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும். இனிமே தெனமும் என்னயப் பாத்துச் சிரிக்கட்டும்" என்று நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனாள். மேசைமேல் இருந்த சட்டையைக் காட்டினேன். "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்றாள்.

கருமாதிக்கு வந்து பார்த்தேன். மாலை போட்டுப் பொட்டு வைத்து, விளக்குக்கு மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். அது அவளுக்கு. நாளைக்கு ஆனையூரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி படம் எடுக்க வருகிறார்கள். எடுப்பதும் இனி நான்தான், திருத்துவதும் நான்தான். துணிக்குள் தலையை விடுவேன். மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகத் தெரிவார்கள். அவர்கள் தெளிவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நீ தெரிவாய், 'எம்மேல பிளேட்ட வீணாக்காத' என்பாய்.

அன்றைக்கு நான் உன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது, மாப்ள.