அன்ரனின் அம்பிளிபயருக்குத் தனி லைன்

என்ர அருமை அன்ரன்,

நீ இருக்கிற இடத்தில கறன்ட் போறதில்லை எண்டு நம்புறன். இங்க ஒரு நல்ல செய்தி, மச்சான். உன்ர ஸ்பீக்கர் ரெண்டும் திரும்பவும் பாடுது.

நீ போன பிறகு உன்ர மனுசி றீற்றா உன்ர அம்பிளிபயர், ஸ்பீக்கர், ரெக்கோட் பிளேயர் எல்லாத்தையும் கொட்டாஞ்சேனையிலயிருந்து இங்க வெள்ளவத்தைக்கு ஒரு வான் வண்டியில ஏத்தி அனுப்பினா. "அவர் இல்லாம இதுகளைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது சிவாண்ண. நீங்க கேளுங்க" எண்டா. எனக்கு மட்டும் ஏலுமா? கனகாலம் பெட்டியைப் பிரிக்காமலே வச்சிருந்தன்.

துளசி கலியாணம் முடிச்சுப் போக, அவளின்ர அறை வெறுமையாக் கிடந்தது. "அன்ரன் மாமாவின்ர சாமானை அங்க வையுங்கோ அப்பா" எண்டு பிடிச்சு உலுக்கினவள் அவள்தான். நீ தூக்கித் திரிஞ்ச பிள்ளை இப்ப மின் பொறியியலாளர்.

வயரெல்லாம் பூட்டிப் பாட்டைப் போட்டால் பின்னால 'ம்ம்ம்' எண்டு ஒரே இரைச்சல். பிறிஜ் ஓடத் தொடங்கினால் 'டக்'. எங்கட பிளட்ஸ் கட்டடத்தின்ர தண்ணி மோட்டாரும் ஸ்பீக்கருக்குள்ள வந்திடும். நான் ஸ்குறூட்றைவரை எடுத்தன்.

"பிளக்குக்குள்ள எர்த் வயரைக் கழட்டி விட்டால் நிண்டிடும். அன்ரன் அப்பிடித்தான் செய்தவன்."

துளசி அதைக் கையிலயிருந்து பறிச்சாள். "உள்ளுக்க ஏதும் பழுதாகி அந்த இரும்புப் பெட்டிக்குக் கறன்ட் வந்தால், எர்த் இல்லாட்டித் தொடுற ஆளுக்குள்ளாலதான் அப்பா போகும்."

"அவன் எத்தினை வருஷம் அப்பிடியே கேட்டவன்!"

"அது அவரின்ர அதிர்ஷ்டம்."

எனக்குப் பொல்லாத கோபம். செத்தவனைப் பிழை சொல்லுறதோ? அவளோட கதைக்காமல் இருந்தன். பிறகு, எனக்கு ஒரு சாட்சி வேணும் எண்டு றீற்றாவுக்குப் போன் எடுத்தன்.

"அன்ரனின்ர அம்பிளிபயர் எப்பவாவது கறன்ட் அடிச்சதோ?"

"அடிக்காம? துடைக்கப் போனா சுள்ளெண்டும். சொன்னா, 'ஈரக்கையோட ஏன் தொடுறாய்?' எண்டு என்னைத்தான் ஏசுவார்!"

எர்த் வயர்க் கதையைச் சொன்னன். மனுசி சிரிக்கத் தொடங்கினா பார், நிப்பாட்டவே இல்லை. நானும் சிரிச்சன். படுபாவி, அந்த மனுசியைக் கொல்லப் பார்த்தியேடா! உன்னைப்பற்றி வாய்விட்டுச் சிரிச்சது நீ போன பிறகு அண்டைக்குத்தான்.

பிறகென்ன, மகளிட்டச் சரணடைஞ்சன். மெயின் போர்ட்டிலயிருந்து அந்த அறைக்கு தடிச்ச மொத்த வயரில ஒரு தனி லைன், அதுக்கெண்டு, கோளாறு வந்தால் தானாக் கறன்டை வெட்டுற ஒரு ட்ரிப் சுவிட்ச். லைற், ஃபான், ஏசி எல்லாம் பழைய லைனிலயே இருக்கட்டும் எண்டாள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு லைன் போடுவம் எண்டு நான் பெரிய எடுப்பில தொடங்க, "வேண்டாம் அப்பா, எல்லாம் ஒரே லைனில, ஒரே எர்த்தில பக்கத்துப் பக்கத்தில இருக்கவேணும். அங்கயும் இங்கயும் பிளக்கைக் குத்தினாத்தான் இந்த இரைச்சல் வாறது" எண்டாள். சுவர் வெட்டின தூசி சோத்துப் பானை வரைக்கும் போச்சுது. என்ர மனுசி வசந்தா என்னோட கத்தின கத்தலை நீ கேட்டிருக்கவேணும்.

வேலை முடிஞ்சு சுவிட்சைப் போட்டன். ஒரு சத்தமும் இல்லை. வேலை செய்யேல்லையாக்கும் எண்டு துளசியைப் பார்த்தன். "ஊசியை வையுங்கோ" எண்டாள். வச்சன். பாடகி பாடமுந்தி மூச்சு எடுக்கிறது கேட்டுது, மச்சான்! இந்த மூச்சை நாங்கள் ஒருக்காவாவது கேட்டிருப்பமோ?

போன ஞாயிறு றீற்றா வந்தா. முதலில அறை வாசலிலயே நிண்டா. வசந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து நடுக்கதிரையில இருத்தினா. உனக்குப் பிடிச்ச ரெக்கோட்டைப் போட்டன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "இந்தப் பாட்டில புல்லாங்குழல் இருக்கா? இவ்வளவு காலமா எனக்குத் தெரியாதே" எண்டா. கன்னத்தைத் துடைச்சுப்போட்டு என்னைப் பார்த்துச் சொன்னா: "இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டுங்க சிவாண்ண."

உன்னோட வாழ்ந்த காலம் முழுக்க "குறையுங்க, குறையுங்க" எண்டு குசினியிலயிருந்து கத்தின மனுசியடா அது!

நான் கூட்டினன். இனி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய நானே போய்க் கூட்டிவருவன். மத்தியானச் சாப்பாடு எங்களோடதான். எந்த ரெக்கோட் போடுறது எண்டதை அவதான் சொல்லுவா. என்ர உயிர் உள்ளவரைக்கும் இது நடக்கும், அன்ரன்.

கூடப் பிறக்காத குறை மட்டுமே உள்ள
உன்ர மச்சான்,
சிவா