பாட்டுச் சோதினை

இன்று காலை உம்முடைய சுருதிப்பெட்டியை வெளியே எடுத்தேன். மாரி ஈரத்தில் துருத்தியெல்லாம் பூஞ்சணம். உள்ளே எலி நாற்றம். நீர் இருந்திருந்தால் என்னை ஒரு கிழமைக்குப் பேசித் தீர்த்திருப்பீர். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பாட்டு ரீச்சர் அதை இரவல் கேட்டிருந்தார். இனிமேல் பாட்டுக்கும் றிப்போட்டில் புள்ளி போட வேண்டுமாம். பிள்ளைகளைச் சோதிக்கச் சுருதி வேண்டுமாம். எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தப் புத்தி அப்போது எங்கே போனது?

காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று நாம் கலியாணம் முடித்து அக்கராயனுக்கு வந்த புதிதில், இதே பள்ளிக்கூடத்தில்தான் நீர் பாட்டுப் படிப்பித்தீர். வகுப்பு முழுவதும் ஒன்றாக நின்று கத்தும். பரிசளிப்பு விழாவுக்கு அது போதும் என்பது பெரிய வாத்தியாரின் கணக்கு. உமக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஒருநாள் குசினியில் சோறு போட்டபடியே சொன்னீர்: "எல்லாரும் சேர்ந்து பாடேக்க ஆர் பாடுறது, ஆர் வாயசைக்கிறது எண்டு ஆருக்குத் தெரியும்? கணக்குப் பாடத்தை இப்பிடிச் சேர்த்துச் சோதிப்பினமே?"

"தேவாரத்துக்கும் நூற்றுக்கு எத்தினை எண்டு போடப்போறீரோ?" என்று நான் பகிடி பண்ணினேன்.

"ஓம். புள்ளி போட வேணுமெண்டாத்தான் ஒவ்வொரு பிள்ளையையும் காது குடுத்துக் கேப்பம்."

யாரும் கேட்காமலே நீர் சோதினை வைத்தீர். பாலை மரத்தடியில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பாடவிட்டீர். பக்கத்துக் காணி முருகேசுவின் மகள் பூமணியின் முறை வந்தது. சொல்வழி கேளாத பிள்ளை என்று தகப்பனிடம் நாளாந்தம் அடி வாங்குகிறவள். அவள் உம்முடைய வாயையே பார்த்துப் பார்த்து, ஒரு சொல் பிந்திப் பாடினாளாம். முதுகைக் காட்டி நிற்க வைத்துச் சுருதியைப் போட்டீர். அவள் பேசாமல் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நீர் சாப்பிடவில்லை. "அது குழப்படி இல்லை, இஞ்சாருங்கோ. அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கேல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்.

முருகேசுவிடம் போய்ச் சொன்னீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டும்படி கெஞ்சினீர். "குமராகப்போற பிள்ளைக்குக் குறை சொல்லாதேங்கோ ரீச்சர், நாளைக்கு ஆர் கட்டுவான்?" என்று அவன் பாய்ந்தான். அடுத்த நாளே பெரிய வாத்தியாரிடம் முறைப்பாடு போனது. அந்த மனுசன் கதிரையை விட்டு எழும்பாமலே தீர்ப்புச் சொன்னது. "புள்ளி இல்லாத பாடத்துக்கு என்னத்துக்கு ரீச்சர் சோதினை? எல்லாரையும் சேர்த்துப் பாடவிடுங்கோ, ஊரும் சந்தோசப்படும்." பூமணி மறுபடியும் கூட்டத்துக்குள் போய் நின்றாள். மற்றவர்களின் வாயைப் பார்த்துத் தன் வாயை அசைத்தாள்.

பாலைப்பழக் காலம் வந்தது. பிள்ளைகள் பழம் பொறுக்கக் காட்டோரம் போனார்கள். பூமணி எல்லோருக்கும் முன்னால், தனியே, குனிந்து பொறுக்கியபடி போய்க்கொண்டிருந்தாள். பின்னால் பற்றைக்குள்ளிருந்து ஆனை வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வயலுக்குள் நின்ற நானும் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் தப்பின. அவள் மட்டும் கடைசிவரை திரும்பிப் பார்க்கவேயில்லை.

பூமணியின் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த அன்று முருகேசு வந்து நம் முற்றத்தில் குந்தினான். "நீங்கள் சொன்னனீங்கள் ரீச்சர்" என்றான். நீர் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தீர். அவன் போன பிறகு என்னிடம் சொன்னீர்: "நான் வாயாலை சொன்னதை அந்தாள் நம்பேல்லை. றிப்போட்டிலை ஒரு வரி எழுதியிருந்தா நம்பியிருக்கும்." அதன் பிறகு அந்தப் பெட்டியை நீர் தொடவில்லை. இரண்டு மாரி கழித்துக் காய்ச்சலில் நீரும் போய்விட்டீர்.

மத்தியானம் புது ரீச்சர் வந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு, "பிள்ளையளை ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்கோ. முதுகைக் காட்டி நிக்கச் சொல்லிப்போட்டுச் சுருதியைப் போடுங்கோ" என்றேன்.

"ஏன் ஐயா, பாட்டுக்கும் முதுகுக்கும் என்ன?" என்று சிரித்தார். பூமணியின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துத் துருத்தியின் பூஞ்சணத்தைத் துடைத்தார். போகும்போது, "அப்பிடியே செய்யிறன் ஐயா" என்றார்.

பெட்டி போய்விட்டது. ஆனாலும் உம்முடைய சோதினை என்னோடுதான் இருக்கிறது. எந்தப் பிள்ளை முற்றத்துக்கு வந்தாலும் அதன் பின்னால் போய் நின்று, நீர் பிடிக்கும் சுருதியை மெல்ல முனகிப் பார்ப்பேன். மனுசனுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.