தேக்காவில் கிடைத்த அக்கா

நேற்று மருமகள் ஆங் மோ கியோ சந்தையிலிருந்து ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாங்கிவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். விரல் நீளம்கூட இல்லாத குட்டி வாழைப்பழம். இன்று காலை கண் விழித்தபோது வீடே மணத்தது. நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. அதற்குள் குளுவாங்கிலிருந்து கிளம்பிய ரயில் பெட்டியில், மடியில் துணிப்பையோடு, நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். பேனாவைத் தேடி எடுத்தேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய். சிரி. நான் ஐந்தாம் வகுப்புதான் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நீ. ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்து வருகிறது.

மலாயா சுதந்திரம் வாங்கிய புதிது. நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்காது. நான் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கடையில் வேலை செய்தேன். அந்தக் கடையே என் வாயால்தான் ஓடியது, முதலாளி சும்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நீ விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாய். ஒரு நாள் பாதி வேலையில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாய். நாம் குடியிருந்த கூலி லயத்தின் தகரக் கூரையையும், பொதுக் குழாயடியில் நிற்கிற வரிசையையும் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"எம்புள்ள இந்த லயத்துல பொறக்கக் கூடாதுங்க."

"பொறக்காது புள்ள. சிங்கப்பூர்ல என் சினேகிதன் தாஸ் இருக்கான். செம்பவாங் டாக்யார்டுல அவன் கையைத் தூக்கினா கப்பல் நிக்கும்."

"கையை எறக்கினா?"

"போயிரும்."

சிரித்துவிட்டாய். ஆனால் அந்த வாரமே பையைக் கட்டிவிட்டாய். தாஸ் பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது என்று, லயத்துக்குப் பின்னால் நாம் போட்டிருந்த பீசாங் மாஸ் மரத்திலிருந்து ஒரு தார் பழத்தை வெட்டித் துணிப்பையில் வைத்துக்கொண்டாய்.

தாஸ் என்னோடு குளுவாங் ஸ்டேஷனில் ஒரு தடவை கோப்பி குடித்தவர். "சிங்கப்பூர் வந்தா தேக்கா பக்கம் வாங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். ஆழமான நட்பு அது. விலாசம் கேட்டு அதைச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கினோம். அந்த உயரமான கூரையின் கீழே நான் நடந்து வந்த தோரணையைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி தொப்பியைத் தொட்டார். அவருக்குத் தலை அரித்தது என்று நீ சொன்னாய். இன்றுவரை அந்த விஷயத்தில் நமக்குள் தீர்ப்பு ஆகவில்லை.

தேக்காவுக்கு வந்த பிறகுதான் ஊரின் அளவு தெரிந்தது. எருமைக் கொட்டிலின் வாடையும் மல்லிகைப் பூவின் வாடையும் ஒரே காற்றில் வந்தன. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓடியது. அது கயிற்றை விட்டால் ஓடிப்போய்விடும் என்பதால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று உனக்கு விளக்கினேன். "அளக்காதீங்க" என்றாய். கல்யாணமான நாள் முதல் நீ என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

முதலில் ஒரு மசாலைக் கடையில் விசாரித்தோம்.

"எந்த தாஸு லா? தாடி வெச்ச தாஸா, மாதா கோயில்ல பாடுற தாஸா?"

"டாக்யார்டு தாஸ். பெரிய ஆள்."

"டாக்யார்டுல பெரிய ஆளுக்கு தேக்காவுல என்னங்க வேலை? செம்பவாங்ல கோர்ட்டர்ஸ்ல இருப்பாரு."

தாடி வைத்த தாஸ் சவரம் செய்கிறவர். தன் தாடியை மட்டும் தொடுவதில்லை. நம்மை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாதா கோயிலில் பாடுகிற தாஸ், தெரிந்த தாஸ்கள் அத்தனை பேரையும் வரிசையாகச் சொன்னார். அதில் நம் தாஸ் இல்லை. பழம் பைக்குள் வெயிலில் வெந்து பழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் பக்கத்துச் சாமி கோயில் மண்டபத்தில் ஒதுங்க இடம் கொடுத்தார்கள். தூணில் சாய்ந்தபடி, குரலைத் தூக்காமல் சொன்னாய்:

"நாளைக்கு சாயந்திர ரயிலுங்க. அதுக்குள்ள ஒரு வழி கெடைச்சா சரி. இல்லாட்டி திரும்பிப் போயிருவோம். அதுக்கப்புறம் சிங்கப்பூர்ங்கற பேச்சை என்கிட்ட எடுக்கக் கூடாது."

நீ கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்து கதை சொல்லியிருப்பேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாய்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள். கோயில் குழாயில் குளித்து, பையில் இருந்த ஒரே நல்ல துணியாகிய கல்யாணப் புடவையை நீ கட்டினாய். நான் பட்டுக்கரை வேட்டி. வெளியே வந்தால் அங்கே ஒரு கல்யாணம். பெண் வீட்டார் நம்மை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்து நமக்கும் இலை போடச் சொன்னார்கள். இரண்டு பக்க மரியாதையையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இட்டலி விள்ளும்போது பக்கத்து இலைக்காரர் ஊர் கேட்டார். திருத்துறைப்பூண்டி என்றேன். என் அப்பா பிறந்த ஊர், நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் தேர், குளம், குளத்து மீனின் குணம் எல்லாவற்றையும் அந்த இலை காய்வதற்குள் சொல்லி முடித்தேன்.

சாம்பார் வாளியோடு வந்த அம்மாள் நின்றுவிட்டார். நெட்டையான உருவம், அழுது சிவந்த கண். மணப்பெண்ணின் தாயார்.

"திருத்துறைப்பூண்டியா தம்பி? எங்களுக்கும் அந்தப் பக்கந்தான்."

அவருடைய கூடப்பிறந்த தம்பி ஊரிலிருந்து கப்பலில் கிளம்பியிருந்தார். கப்பல் பினாங்கிலேயே நின்றுவிட்டது. மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணவறைக்கு வருவாள்? மாப்பிள்ளையின் பெரியப்பா தூணோரம் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்:

"மாமனே இல்லாத வீட்டுலயா பொண்ணு எடுக்கறோம்?"

ஐயர் அவசரப்படுத்தினார். "மாமன் முறையில யாராவது ஒருத்தர் நின்னா போதும்மா. நேரம் போறது."

அந்த அம்மாளுக்கு இந்த ஊரில் பிறந்த வீட்டு முறையில் ஒருவரும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"அக்கா, இவரு நிப்பாரு. இத்தன நாளும் வாயாலயே நின்னவரு. இன்னைக்குக் காலால நிக்கட்டும்."

என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். எத்தனையோ பேருக்குக் கட்டியிருப்பார்கள். அது என் தலைக்குத்தான் பொருந்தியது என்று ஐயரே சொன்னார். இதை நீ மறுக்க முடியாது, நீ கேட்கவில்லை. நீ தாம்பாளம் தேடிப் போயிருந்தாய். வெற்றிலை பாக்கு, பூ, நடுவில் நம் பழத்தார். வெயிலில் வெந்தது போக நல்லதாக நின்ற சீப்புகளைத் துடைத்து அடுக்கியிருந்தாய்.

பெரியப்பா விடவில்லை. "மாமன் சீரு வாழப்பழந்தானா?"

நீ தாம்பாளத்தை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாய். "ஜொகூர்ல எங்க சொந்தத் தோட்டத்துப் பழம் பெரியப்பா. பத்து ஏக்கரு. அறுப்பு முடியட்டும், லாரியில அனுப்புறோம்."

பத்து ஏக்கர்! லயத்துக்குப் பின்னால் நின்றது ஒற்றை மரம். அதையும் அடியோடு வெட்டிவிட்டு வந்திருந்தோம். பெரியப்பா பழத்தை ஒன்று உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்று நகர்ந்தார். நான் பெண்ணின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. "பயப்படாத ஆயி, மாமன் இருக்கேன்" என்றேன். அப்படியே மணவறைவரை அழைத்துப் போனேன்.

தாலி கட்டி முடிந்தது. அந்த அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்க தங்கியிருக்கீங்க தம்பி?"

நான் ஒரு பங்களாவுக்கு அடித்தளம் போட ஆரம்பித்தேன். நீ என் கால் கட்டைவிரலை மிதித்தாய்.

"எங்கயும் இல்ல அக்கா. வேல தேடி வந்தோம். இன்னைக்குச் சாயந்திரம் ரயில். நான் மாசமா இருக்கேன்."

அவர் உன் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் கணவரைக் கூப்பிட்டார். கடற்படைத் தளத்தில் கப்பலுக்குச் சாயம் அடிக்கிற ஆட்களுக்கு மேலாள் அவர்.

"இங்க பாருங்க, என் தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா. இவங்க எங்க போவாங்க? செம்பவாங்குக்குத்தான் வர்றாங்க."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏணியில ஏறுவீங்களா மச்சான்?"

"மாமா, நான் ஏறாத ஏணியே கெடையாது."

ஏணியைத் தொட்டதே இல்லை. ஆனால் மறு வாரம் ஏறினேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. நான் பூசிய சாம்பல் நிறம் உலகத்தின் எல்லாக் கடலிலும் மிதந்திருக்கிறது.

அந்தச் சாயங்காலம் கல்யாணப் பாத்திரங்களோடு நாமும் லாரியில் ஏறினோம். சிராங்கூன் ரோடு பின்னால் போய், ரப்பர் மரங்களும் கம்பத்துக் கிராமங்களின் ஓலை வீடுகளும் வந்தன. நீ அண்டாவில் சாய்ந்துகொண்டு கேட்டாய், "இனி அவங்கள அக்கான்னு கூப்பிடறதா, அண்ணின்னு கூப்பிடறதா?" எனக்கு அக்கா என்றால் உனக்கு அண்ணிதானே என்றேன். நீ ரெண்டு மூன்று தடவை மெதுவாக "அண்ணி, அண்ணி" என்று சொல்லிப் பார்த்தாய். புதுச் செருப்பு போட்டு நடந்து பார்க்கிற மாதிரி. பெரியவன் செம்பவாங்கில் பிறந்தான். முதலில் தூக்கியது அண்ணிதான்.

பெரியவன் பிறப்பதற்கு முன்பே, அந்தக் கப்பல் வந்து அக்காவின் சொந்தத் தம்பி இறங்கியபோது நீ பயந்தாய். இனி நமக்கு இங்கே என்ன இடம் என்று துணிகளைக்கூட மடிக்க ஆரம்பித்தாய். அக்கா அவரை அழைத்துவந்து என்னைக் காட்டி, "இவன் உனக்கு அடுத்தவன்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரும் என் தோளில் கை போட்டு, குளத்து மீனைப் பற்றி விசாரித்தார்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதில் அளப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மணப்பெண் சுவா சூ காங்கிலிருந்து பஸ் மாறி வருகிறாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. போன வாரம் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கூடத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "மகளா?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நீளமாகப் பதில் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

அவள் சாப்பாட்டு அடுக்குச் சட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இல்லீங்க. என் தாய்மாமன்."

அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல எனக்கே ஒன்றும் தோன்றவில்லை, புள்ள. சாப்பிட உட்கார்ந்தேன்.