வேர் வெளுத்தால் தண்ணீர்

இன்று காலை பட்டைத் தூள் டப்பாவைக் கை பட்டுக் கவிழ்த்துவிட்டேன். வீடு முழுக்க வாசனை. கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த இவர், "என்ன, குருமாவா?" என்று ஆசையாகக் கேட்டார். "செடிக்கு" என்றேன். பாவம், முகம் தொங்கிப்போயிற்று. செடிக்கென்று பட்டைத் தூள் வாங்குகிற வீடு இந்த வண்ணார்பேட்டையில் உன் வீடும் என் வீடுமாகத்தான் இருந்திருக்கும். இப்போது என் வீடு மட்டும்.

இருபத்தாறு வருடம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை நமக்கு. ஓய்வு பெற்றதும் எல்லாரும் கோயில் குளம் என்று கிளம்ப, நீ ஆர்க்கிட் கன்றுகளைப் பார்சலில் வரவழைத்தாய். விரல் நீளத்தில் பத்துக் கன்றுகள், வழியிலேயே பாதி வாடி. "நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்குமா? வேற வேலை இல்லையா உனக்கு?" என்றேன். "ஏளா, நாமளே தாங்கிட்டோம். இது தாங்காதா?" என்றாய். உனக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யார்?

அந்தப் பத்தும் தேறுவதற்குள் உனக்கு வியாதி வந்துவிட்டது. சிகிச்சைக்கு மதுரை போகிற அன்று கன்றுகளை என் வீட்டு ஜன்னலோரம் இறக்கிவைத்தாய். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட குட்டித் தொட்டிகள். போரிங் தண்ணீர் உப்பு, அது ஆகாது, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்தான் விட வேண்டும் என்றாய். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாய்: "வேரு வெளுத்தாத் தண்ணி. பச்சையா இருந்தா கையக் கெட்டிக்கிட்டு நில்லு."

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஜென்மமா நான்? யாராவது தும்மினாலே கஷாயம் போடுகிறவள். மண்ணே இல்லாமல் ஒரு செடியா, இந்தப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாளே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. நாலாம் நாளே செம்மண் கொண்டுவந்து ஒவ்வொரு தொட்டியிலும் அமுக்கினேன். தினமும் அரிசி களைந்த தண்ணீர் வேறு. என் அவரைக்கொடி அதைக் குடித்துத்தானே மாடிவரை ஏறியது! மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாகித் தொளதொளத்தன. ஒன்றைத் தொட்டேன், நனைந்த நூல் மாதிரி வேர் கையோடு வந்தது. ஏழு கன்றுகள் குப்பைக்குப் போயின.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"அதுகளுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு."

"போட்டோ ஒண்ணு அனுப்பு பாப்போம்."

செல்போனைத் துழாவி, பார்சல் பிரித்துத் தொட்டியில் வைத்த நாளில் நீயே எனக்கு அனுப்பியிருந்த படத்தை எடுத்து உனக்கே அனுப்பினேன். என் புத்தியை என்ன சொல்ல! ஒரு நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது.

"ஏளா, ஓரத்துல தெரியுது பாரு, அது என் சுண்டுவிரல்லா. மருதாணி கூட இருக்கு."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். நீ இருமலும் சிரிப்புமாகச் சொன்னாய்: "ஊசியும் மருந்துமா கெடக்கவ நானு. நீ எதுக்கு அழுவுத? மிச்சம் எத்தன இருக்கு, அதச் சொல்லு."

மூன்று இருந்தன. படுக்கையிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தேன். பிளேடைத் தீயில் காட்டி, அழுகிய வேரையெல்லாம் நறுக்கி, வெட்டிய இடத்தில் மட்டும், அழுகல் மேலே ஏறாமலிருக்க, பட்டைத் தூளைத் தொட்டு வைத்தேன். உன் வீட்டில் செடிக்கென்று நீ வாங்கி வைத்திருந்த காய்ந்த பாசியை நனைத்துப் பிழிந்து மிட்டாய்க்கடை டப்பாவில் பரப்பி, அதன்மேல் கன்றுகளைக் கிடத்தி, மூடியில் ஓட்டை போட்டேன். "பைய வரும். மூடியத் தொறந்து தொறந்து பாக்காத" என்றாய். முதல் நாளே பதினோரு தடவை திறந்தேன். இரண்டு போயின. ஒற்றை இலையோடு ஒன்று மட்டும் கிடந்தது.

நீ வீட்டுக்கு வந்தாய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உனக்குப் பிடிக்குமே என்று தினமும் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தேன். இரண்டு கரண்டிக்குமேல் உனக்கு இறங்கவில்லை. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படித் தின்னாம கெடந்தா எப்படி தெம்பு வரும்?" என்று கத்தினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஏளா, எனக்கும் மண்ணப் போட்டு அமுக்காத. இங்கன சும்மா இரி. கையக் கெட்டிக்கிட்டு."

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். வெகுநேரம் கழித்து, மடியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து உன்னிடம் காட்டினேன். தண்டின் அடியில் கடுகளவு பச்சையாக ஒரு வேர் முளை. உற்றுப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்கும்" என்றாய். செடியை மட்டும்தான் சொல்கிறாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வாரமே போய்விட்டாய்.

மூன்று கோடை தாண்டிவிட்டது அது. வெயில் கொளுத்துகிற மாதத்தில் சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டிக் காப்பாற்றினேன். இப்போது ஆறு இலை. மழையில் ஒரு வேர் அழுகியிருந்ததை இன்று நறுக்கி, பட்டைத் தூள் வைக்கும்போதுதான் டப்பா கவிழ்ந்தது. குனிந்து துடைக்கையில் பார்க்கிறேன், இலையிடுக்கில் பத்து நாளாகத் துருத்திக்கொண்டிருந்த முளை சற்று மேல்நோக்கி வளைந்து, நுனி கிளிமூக்காகக் கூர்த்திருக்கிறது. வேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அடியே, அது பூந்தண்டு!

கால் தானாக அடுக்களைக்கு ஓடியது. அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். திரும்பி வந்து வேரைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். கூப்பிட்டுச் சொல்ல நீ இல்லை. அப்படியே நின்றேன்.

அப்புறம் ஒரு போட்டோ எடுத்தேன். ஓரத்தில் பட்டைத் தூள் அப்பிய என் சுண்டுவிரல் தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் வைத்தேன்.