புழு தின்ற கோழியின் முட்டை

அக்கா,

நேற்று குன்னூரில் ஒரு பெரிய கடையில் முட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன். பச்சை அட்டை, அதன்மேல் சிரிக்கும் கோழி. ‘பூச்சிப் புரதம் உண்ட கோழிகளின் முட்டை’ என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்று அதில் இரண்டு பெட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டது யார் தெரியுமா? நம் ஜெகதளா ஊர் டீச்சரம்மா.

“இதுவும் புழு தின்ன கோழி முட்டைதானுங்க” என்றேன்.

“அது வேற, இது வேறங்க. இத சுத்தமா, மெஷின் வெச்சு வளத்தறாங்க. பெங்களூர்ல எம்பையன் இதத்தான் வாங்கறான்.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எல்லாவற்றையும் மறந்தே போயிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு மறதியும் ஒரு வசதி.

நான் மறக்கவில்லை. கோத்தகிரி மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கும் கோசுத் தழையையும் அழுகிய கேரட்டையும் நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வருவீர்கள். அதை டிரம்மில் போட்டு, கறுப்பு ஈயின் புழுக்களை வளர்த்துக் கோழிகளுக்குப் போட்டீர்கள். முட்டை என் டீக்கடைக்கும் வந்தது, தெரு முழுக்கவும் போனது. மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்து அதிகம் புகழ்ந்தது டீச்சரம்மாதான். ஒருநாள் காலை என் கடையில் ஆம்லெட் தின்றுகொண்டே உங்களிடம் கேட்டார்.

“கோழிக்கு என்னங்க போடறீங்க?”

“புழு” என்றீர்கள், குரலைத் தாழ்த்தாமல்.

தட்டை பெஞ்சின்மேல் தள்ளினார். “கருமம்! இதயா எம்பேத்திக்கு ஊட்டுனேன்?”

“மேயற கோழி மண்ணக் கிண்டி எதைங்க டீச்சர் தேடுது? மைசூர்பாக்கா?” என்றீர்கள்.

கடையே சிரித்தது. சிரித்தவர்களும் மறுநாளிலிருந்து முட்டை வாங்கவில்லை. அவ்வளவுதான் நம் ஊர்க்காரர்களின் சிரிப்பு.

பிறகு ஒரு வியாபாரி வந்தார். “மூலிகைத் தீவனம்னு சொல்லிருங்க. மொத்தமா நானே எடுத்துக்கறேன்.”

“மூலிகை தின்னா எங்கோழிக்கு வயிறு போகும். நீங்க கெளம்புங்க” என்று அனுப்பிவிட்டீர்கள்.

கடைசியில் சிலதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கோழிகளை ஒவ்வொன்றாக விற்றீர்கள். வாங்கியது வேறு யாருமல்ல, அதே வீடுகள். புழு தின்ற கோழியின் முட்டை அவர்களுக்குக் குமட்டியது, கறி மட்டும் ருசித்தது! குழம்பு வாசம் தெருவெல்லாம் அடித்தபோது நீங்கள் காலியான கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள்.

அந்தப் பனிக்காலத்திலேயே நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தீர்கள். துக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். “தைரியமான மனுசி” என்றார்கள். அந்த வாய்களுக்கு டீ ஊற்றிக் கொடுக்க எனக்குக் கை கூசியது.

அவர்களை வெறுக்காமல் இருக்க உங்களால் முடிந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை. ஆனால், கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிடும் பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள் விற்காமல் வைத்திருந்த சில கோழிகளும் டிரம்மும் இப்போது என் கடைக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

போன வாரம் ஃபேக்டரி ஆட்கள் மூன்று பேர் வந்து ஆம்லெட் கேட்டார்கள். கோழி என்ன தின்கிறது என்று ஒருவர் விசாரித்தார். சொன்னேன். இரண்டு பேர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நான் தடுக்கவில்லை. மூன்றாமவர் அவர்கள் போன திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வெங்காயம் கொஞ்சம் சேத்திப் போடுங்கக்கா” என்றார்.

இன்னொன்று கேட்பாரோ என்று, அவர் தின்று முடிக்கும்வரை நான் அடுப்பைவிட்டு நகரவில்லை.