தீவன அறையின் தாழ்ப்பாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், மாடுகளும் நலம். கருப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். மழையில் கோழிக்கூண்டுக் கூரை ஒழுகியது; ஏறி அடைத்துவிட்டேன். இந்த வயதில் ஏன் ஏறினாய் என்று கேட்டு எழுதாதே.

வேலிக்கு அந்தப் பக்கம் உன் சித்தியின் காட்டேஜுகள் நிரம்பி வழிகின்றன. மாட்டையெல்லாம் விற்றுவிட்டு, வாசலில் 'பண்ணை வீடுகள்' என்று பலகை வைத்திருக்கிறாள். பலகையில் இருப்பது என் கருப்பியின் படம். வருகிறவர்கள் காசையும் கொடுத்து, தாங்களே சமைத்து, பாத்திரமும் கழுவிவைத்துவிட்டு, அவளுக்கு நன்றி வேறு சொல்லிப் போகிறார்கள். பால் கறப்பதைப் பார்க்க மட்டும் என் தொழுவத்துக்கு வருவார்கள். சாணம் என் பங்கு, பேர் அவள் பங்கு. இதற்கெல்லாம் வயிறெரிய எனக்கு நேரமில்லை.

போன வாரம் நான் கறந்துகொண்டிருக்கும்போது வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, லீவுக்கு உங்க பொண்ணு நம்மகிட்டதான் தங்கறா. கடைசி வீட்டைக் கேட்டிருக்கா, தெரியுமில்ல?" என்றாள். தெரியும் என்று பொய் சொன்னேன். அதோடு விட்டாளா? "பிள்ளைங்களுக்குத் தன் கையால சமைச்சுப் போடணுமாம். உங்க அடுப்புகிட்ட யாரு போக முடியும்?" என்று சிரித்தாள். என் கை இறுகியதில் கருப்பி பாலை அடக்கிக்கொண்டாள்.

நீ நறுக்கிய வெங்காயத்தை நான் மறுபடி நறுக்கியது உண்மைதான். பெரிது பெரிதாக நறுக்கினால் வேறென்ன செய்வது?

தீவன அறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். அடுப்பு, கழுவும் தொட்டி, கட்டில் எல்லாம் வந்துவிட்டன. பாத்திரங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. எது எங்கே என்பது உன் பாடு. கதவுக்கு உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் போதும் என்று தச்சரிடம் சொன்னேன். அவரையே உள்ளே விட்டுத் தாழிடச் சொல்லி, வெளியிலிருந்து என் பலம் கொண்டமட்டும் தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை.

உனக்கு அங்கேதான் வசதி என்றால் அங்கேயே தங்கு. நான் யாரையும் கெஞ்சியதில்லை. கன்றைப் பார்க்கப் பிள்ளைகள் வேலி தாண்டி வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள். எந்தப் பக்கம் சமைத்தாலும் எனக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பு. உப்பு கூடியிருந்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

உன் அம்மா