மூடிய பெட்டியே மாட்டச் சொல்லுங்கள்

ஏங்க,

நம் பையனுடைய சட்டைகளை முதியோர் இல்லத்தில் கொடுக்கப் போகிறேன். அலமாரியில் வைத்திருந்து இனி யார் போடப்போகிறார்கள்? சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறது. கோபத்தை அதன்மேல் காட்டாமல் சாப்பிடுங்கள்.

மெக்கானிக் வருவார். மருமகள் இனி வேலைக்கு நம் பையன் காரில்தான் போகப்போகிறாள். அதில் எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டும் திறந்த ஏர் ஃபில்டர் கிழிந்துவிட்டது. அதேபோல் புதிது வேண்டுமா, மூடிய பெட்டி வைத்தது வேண்டுமா என்று கேட்பார். பெட்டியே மாட்டச் சொல்லுங்கள்.

"அவன் வெச்ச மாதிரியே இருக்கட்டும், டர்போ எஞ்சினைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?" என்று நேற்று கத்தினீர்கள். அவன் சொன்னது தெரியும்.

"பெட்டிதாம்மா நல்லது. வெளியிலிருந்து குளிர்ந்த காத்தை இழுக்கும். இது எஞ்சின் சூட்டையே இழுக்குது."

"அப்புறம் ஏண்டா இதை வெச்சிருக்க?"

"உஸ்ஸுன்னு கத்துதுல்ல? பெட்டி போட்டா இந்தச் சத்தம் வெளியில வராது. தெருமுனையில திரும்பும்போதே உனக்குக் கேக்குது. நான் வர்றதுக்குள்ள கேட்டைத் திறந்து வெச்சிடுற!"

மாத்திரையை மறக்காதீர்கள். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

இன்னொன்று. சூடு, குளிர்ச்சி எல்லாம் மெக்கானிக்கிடம் சொல்வதற்கு. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டால் என் கால் நிற்காது, கேட்டைத் திறக்க ஓடிவிடுவேன். உள்ளே உட்கார்ந்திருப்பது மருமகள். அவனில்லை என்று தெரியும்போது என் முகம் எப்படி மாறுமோ, அதை அவள் தினமும் பார்க்க வேண்டாம்.